பச்சை ஒயர்

டவுன்ஹால் ரோட்டில் ஜெய்லானி பாய்
கண்ணாடி மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறார்.
பீங்கானில் ஒன்று, பால் நிறம், இரண்டு ஸ்க்ரூ,
"ஹீட்டருக்கு இதுதாம்மா, உருகாது."
வெள்ளை பிளாஸ்டிக்கில் ஒரு பட்டை, பன்னிரண்டு கண்,
வேண்டியதை அறுத்துக்கொள்ளலாம்.
தொப்பிபோலத் திருகுவது ஒன்று.
அமுக்கிவிட்டால் பிறகு
வெட்டித்தான் எடுக்கவேண்டிய செம்புக் குழல் ஒன்று.

"சார் வரலையா?"
வரவில்லை.
"எலக்ட்ரீசியன் யாரு?"
நான்தான்.
ஒரு நொடி என் வளையலைப் பார்த்தார்.
பிறகு, நல்ல மனிதர்,
ஒயர் என்ன கனம் என்று கேட்டார்.

இரண்டரை. செம்பு. பல இழை.

தெரியும் எனக்கு.
நேற்று மெயினை இறக்கிவிட்டு
டெஸ்டரை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு
ஏணியேறி அந்த வட்ட மூடியைத் திறந்தவள் நான்.

வில்லாபுரம் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம்.
ஒன்பது வருஷமாக ஃப்ரிட்ஜ் கதவு
என் ஈரக்கையைக் கடித்தது,
கட்டெறும்பு மாதிரி,
மழைநாளில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.
சொன்னேன்.
செருப்பப் போட்டுக்கிட்டுத் தொடேன் என்றார் தயாநிதி.
பி-ட்வெல்வ் கொறஞ்சா அப்படித்தான் இருக்கும்
என்றாள் நாத்தனார் மங்கையர்க்கரசி.
மூன்று மாதம் மாத்திரை தின்றேன்.
வயரிங் செய்தவர் போனில் சிரித்தார்:
"எர்த்தெல்லாம் பக்காவா குடுத்திருக்கேம்மா."

மூடிக்குள்
சிவப்பும் சிவப்பும் முறுக்கிக் கிடந்தன,
டேப் இளகி, விரலில் பிசுக்கென்று ஒட்டியது.
கறுப்பும் கறுப்பும் அதே கதி.
பச்சை மட்டும்
நுனிகூடச் சீவாமல்
மடித்து ஓரத்தில் செருகியிருந்தது.
மேலிருந்து ஒரு பச்சை, கீழிருந்து ஒரு பச்சை.
கொல்லையில் கரியும் உப்பும் கொட்டி இறக்கிய குழாய்வரை
ஒன்று ஒழுங்காகப் போயிருக்கிறது;
வெள்ளிதோறும் அந்தக் குழிக்கு
ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், மறந்ததில்லை.
இன்னொன்று ஃப்ரிட்ஜிலிருந்து வந்து நின்றிருக்கிறது.
நடுவே நாலு விரற்கடை.

ஏணியிலேயே நின்று சிரித்தேன்.
பக்கத்து வீட்டு ரேடியோ சத்தத்தைக் குறைத்தார்கள்.

"இது தரட்டுமா?" பாய் பட்டையை நீட்டுகிறார்.
வேண்டாம். ஸ்க்ரூ இழையை நசுக்கும்,
நாள்பட நெகிழும், நெகிழ்ந்த இடத்தில் சூடேறும்.
குழல் அமுக்கக் கருவி என்னிடம் இல்லை.
அடி டிராயரிலிருந்து கடைசியாக எடுத்தார்:
கட்டைவிரல் நகம் அளவு,
ஆரஞ்சு நிறத்தில் இரண்டு காது.
காதைத் தூக்கி, ஒயரை விட்டு, அழுத்தினால்
டிக்.
"வெல கொஞ்சம் கூடம்மா. ஒண்ணு முப்பத்தஞ்சு."
உள்ளே தெரியுமா?
"தெரியும். நுனி கடைசிவரைக்கும் போச்சான்னு
கண்ணாலயே பாத்துக்கலாம்."
ஐந்து கொடுங்கள் என்றேன்.

சீவவேண்டிய நீளத்தை அதன் முதுகிலேயே அச்சடித்திருந்தார்கள்.
சிவப்பு, டிக். கறுப்பு, டிக்.
பச்சையைச் செருகி அழுத்தி
இழுத்துப் பார்த்தேன், வரவில்லை.
இன்னொரு முறை இழுத்தேன்.

மெயினை ஏற்றினேன்.
கழுவிய கையைத் துடைக்காமல்
வெறுங்காலோடு போய்க் கதவைப் பிடித்தேன்.
சில்லென்று இருந்தது.
சில் மட்டும்தான்.
ராத்திரி தயாநிதி மோர் எடுத்துக் குடித்தார், மூடினார்.
"என்ன அப்படிப் பாக்குற?"
ஒண்ணுமில்ல.

மீதி இரண்டும் கடுகு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தன.
பத்து நாள் கழித்துத் திருநகரிலிருந்து மங்கையர்க்கரசி:
"அண்ணி, வாஷிங் மெஷினத் தொட்டா சுள்ளுங்குது.
இவர் என்னடான்னா எனக்குப் பிரமைங்கிறார்."

மாத்திரைப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டு,
ஒயர் என்ன கனம்
என்று கேட்டேன்.