அளவுக்கோடு

முத்தியால்பேட்டை மாடிப் போர்ஷன்.
தண்ணீர் பாட்டிலின் வாயில் நிற்கிறது
காலையில் ஊசுட்டேரிக் கரையில் பிடுங்கிய கோரை.
பத்தரைக்குள் நுனி பழுப்பேறிவிடும்.
அதற்குள் பென்சில் வேலை முடிய வேண்டும்.

எட்டு வருடம் பிளம்பிங் கன்சல்டன்ட்டிடம்
குழாய் வரைந்தேன்.
மூன்றாம் மாடிக் கழிவறையிலிருந்து
மண்ணுக்கடியில் சாக்கடை வரை
எந்த வளைவு எத்தனை டிகிரி என்று.
வேலையை விட்ட அன்று ரொசாரியோ சார் கேட்டார்:
"பூ வரையறதுக்கு எவன்மா மாசாமாசம் சம்பளம் கொடுப்பான்?"
பூகூட இல்லை சார், கோரை
என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கோரைத் தண்டை விரலிடுக்கில் வைத்து
உருட்டிப் பாருங்கள்.
புல் உருளும்.
கோரை மூன்று பக்கமும் தட்டித் தட்டி நிற்கும்.
ஏரிக்கரையில் வழுக்கியபோது
கைக்குக் கிடைத்ததைப் பிடித்ததில் தெரிந்துகொண்டது இது.
உள்ளங்கை கிழிந்திருந்தது.

முனைவர் பஷீராவுக்குத் தாள் ஒன்றுக்கு
ஆயிரத்து எண்ணூறு.
இருபத்திரண்டு தாள், மூன்று தவணை.
இரண்டாவது ஆடியில் வரும் என்றார்.
எந்த ஆடி என்று சொல்லவில்லை.

நடுவில் வாடகைக்குக் கல்யாணப் பத்திரிகை.
தாமரைக் கொடியில் மல்லிகை பூக்க வேண்டும்
என்கிறார் அச்சகக்காரர்.
பூக்க வைக்கிறேன்.
ஒருமுறை இலையில் புழு தின்ற ஓட்டையைக்
கைப்பழக்கத்தில் வரைந்துவிட்டேன்.
பெண்ணின் அம்மா போன் செய்தார்:
"கல்யாணத்துல எதுக்கும்மா ஓட்டை?"
அடைத்துக் கொடுத்தேன்.
அடைத்ததற்குத் தனிக் காசு இல்லை.

கடல்காற்றுக்குத் தாள் நெளியும்.
காந்தி வீதிச் செருப்புக்கடைப் பையன்
பெட்டிக்குள் வரும் சிலிக்கா பொட்டலங்களை
எனக்கென்று ஒரு கவரில் சேர்த்து வைக்கிறான்.
எதற்கு என்று இதுவரை கேட்டதில்லை.
என் தொழிலில் வேறொருவர் போட்ட முதல் அதுதான்.

பதினேழாம் தாள் திரும்பி வந்தது.
"சூல்முடி மூன்று இருக்கணும். இரண்டு போட்டிருக்கீங்க.
இரண்டுன்னா இது வேற செடி."
நான் பார்த்தது இரண்டு.
மறுபடி லென்ஸுக்கு அடியில் வைத்தேன்.
மூன்றாவது ஒடிந்த இடத்தில்
ஊசி முனையளவு ஒரு தழும்பு.
நான்கு நாள் வைத்த புள்ளிகள் வீண்.

அவர் சொன்னார் என்பதற்காக
மூன்றாவதை வரைய மனம் வரவில்லை.
மறுநாள் முதல் பஸ்ஸில் ஏரிக்குப் போய்
முழங்கால் சேற்றில் நின்று
பதினோரு பூவைப் பிரித்தேன்.
பதினொன்றிலும் மூன்று.
பிறகு வரைந்தேன்.
பஸ் காசையும் பில்லில் போட்டேன்,
போட்டதை அடித்தேன்,
மறுபடி எழுதினேன்.

நுண்ணோக்கிக்குக் கடன் கேட்டுப் போன வங்கியில்
'தொழில்' என்ற கட்டம் ஒன்றரை அங்குலம்.
"ஆர்ட்டிஸ்ட்டா? எந்த சீரியல்?"
என்றார் கவுண்டரில் இருந்தவர், மரியாதையாகவே.
தாவரம் என்றேன்.
அவர் எழுதியதை எட்டிப் பார்த்தேன்:
விவசாயம்.
வட்டி குறைவாம். விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்தபின்
தாளின் அடியில் சின்னதாக ஒரு கோடு இழுப்பேன்.
பக்கத்தில்: 2 மி.மீ.
படத்தை யார் எவ்வளவு பெரிதாக்கினாலும்
கோடும் கூடவே வளரும்,
செடியைப் பொய் சொல்ல விடாது.
ரொசாரியோ சார் ஆபீஸிலும் போட்ட கோடுதான்.
அங்கே அதற்குள் ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டி அடங்கும்.
இங்கே ஒரு விதை
கோட்டைத் தாண்டி வெளியே நிற்கிறது.

மணி பத்து நாற்பது.
நுனி பழுக்கத் தொடங்கிவிட்டது.
கீழே கேஸ்காரர் மணியடிக்கிறார்.
இன்னும் இரண்டு கதிர் பாக்கி.