மீதி ஐந்து

என் படகில் ஒன்பது மிதவை அங்கிகள்.
தீவிலிருந்து பள்ளிக்குப் போகிறவர்கள் பதினான்கு பேர்.
முதல் நடை ஒன்பது, இரண்டாவது நடை ஐந்து.
இதற்கு மேல் கணக்கு எனக்குத் தேவைப்பட்டதில்லை,
இந்த ஐந்தாம் வகுப்புக் கூட்டம்
நோட்டும் கையுமாகப் படகில் ஏறும்வரை.

"பதினான்கை ஒன்பதால் வகுத்தால்
ஈவு ஒன்று, மீதி ஐந்து"
என்றான் எலியேசர், முதல் நடைக்காரன்.
துறையில் மழைக்கோட்டுக்குள் நின்றிருந்த ரயேன்
கேட்டுவிட்டாள்.
"நாங்கள் ஒன்றும் மீதி இல்லை."
மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

சிலோயேயில் மழை நின்றால்தான் செய்தி.
ஈரத்தில் பென்சில் எழுதாது, ஆகவே
படகு விளிம்பில் விரலால் எழுதுகிறார்கள்.
புள்ளிக்குப் பின்னால் ஐந்து என்பது
புள்ளிக்குப் பின்னால் முப்பத்தைந்தைவிடப் பெரிது என்று
ஒருத்தி கத்துகிறாள்.
இன்னொருவன் நம்ப மறுத்து அழுகிறான்.
நானும் நம்பவில்லை; சுக்கானைப் பிடித்துக்கொண்டு
சும்மா இருந்தேன்.

ஆயிரத்து இரண்டிலிருந்து ஏழு போகவேண்டுமாம்.
கடன் கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனால் பூஜ்யம்.
அதற்கும் பக்கத்து வீடு, அங்கேயும் பூஜ்யம்.
கடைசி வீட்டில் ஒன்றே ஒன்று இருக்கிறது,
அது உடைந்துதான் எல்லோருக்கும் வரவேண்டும்.
இது எனக்குச் சட்டென்று புரிந்தது.
சால்மன் ஆலையை மூடிய வருடம்
எங்கள் தெருவும் இப்படித்தான் கழித்தது.

ஜூன் மாதம் ஒரு வியாழன்.
வீட்டுப்பாடம் முடிக்காததற்காக எலியேசரை
நிறுத்தி வைத்திருந்தார்கள்;
அன்று அவனும் இரண்டாவது நடை.
நடுக் கால்வாயில் வடகாற்று திரும்பியது.
எரிபொருள் முள் எட்டில் மூன்றில் நின்றது.
அங்கிருந்து தீவுக்கு
டாங்க்கில் மூன்றில் ஒன்று வேண்டும்.
இருபது வருடமாகப் படகோட்டுகிறேன்,
எது பெரிது என்று எனக்குத் தெரியவில்லை.
பயத்தில் வாய்விட்டே கேட்டுவிட்டேன் போல.

ரயேன் விளிம்பைத் துடைத்தாள்.
எட்டும் மூன்றும் வேறு வேறு பகுதி,
இரண்டையும் ஒரே பகுதிக்குக் கொண்டுவந்தால்தான் பேச முடியும் என்றாள்.
"இருபத்து நான்கு" என்றான் எலியேசர்.
மூன்று நாளுக்குப் பிறகு அவனுக்கு அவள் சொன்ன முதல் வார்த்தை:
"சரி."
இருபத்து நான்கில் ஒன்பது இருக்கிறது.
இருபத்து நான்கில் எட்டு வேண்டும்.
மழை அதை அழிப்பதற்குள் நான் படித்துவிட்டேன்.
என் டாங்க் இருபத்து நான்கு லிட்டர்.
மிச்சம் ஒரு லிட்டர்;
காற்று அதையும் கேட்டது.
வேகத்தைக் குறைத்து, கரையை ஒட்டி, ஊர்ந்து போனோம்.
எங்கள் துறையில் கயிறு கட்டும்போது
இன்ஜின் இருமிவிட்டுத் தானே அணைந்தது.

அடுத்த வாரத் தேர்வில்
டீச்சர் ஓர்தென்சியா அதே கேள்வியைக் கேட்டிருந்தார்.
யார் போய்ச் சொன்னார்களோ.
எலியேசர் எழுதிய விடை:
"போதும். வடகாற்று அடித்தால் போதாது."
அரை மதிப்பெண்.
தாளை என் முகத்துக்கு நேரே நீட்டி நியாயம் கேட்டான்.
நான் என்ன சொல்ல?
அன்று மாலை ஒரு கேன் கூடுதலாக வாங்கினேன்.

இப்போது ஒன்பதும் ஐந்தும் கிடையாது.
"உங்களுக்கு ரெண்டு நடைதானே, நோல்ஃபா?"
என்று கேட்டுவிட்டு ரயேன்
பதினான்கை இரண்டால் வகுத்தாள்.
காலையில் ஏழு, பிறகு ஏழு.
துறையில் யாரும் மீதி என்று நிற்பதில்லை.
இரண்டு அங்கிகள் மட்டும் ஒவ்வொரு நடையிலும்
பின்பலகையில் ஆளில்லாமல் கிடக்கின்றன,
கைகளைப் பரப்பியபடி.
அதையும் எங்கேயாவது எழுதவேண்டும் என்கிறாள்.
எங்கே என்றுதான் இன்னும் தகராறு.