பதினோராம் வளைவு

முழுதாய் ஒடிக்கும்போது
ஸ்டீயரிங் என் வயிற்றை உரசிக்கொண்டு திரும்புகிறது.
ஏழெட்டு வருசமாய் இப்படித்தான்.
அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி,
ஏறி இறங்கி நாளுக்கு மூன்று நடை.
எத்தனை உரசல் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

டெப்போவில் முகாம் போட்டார்கள், பெயர் கொடுத்தேன்.
மாதையன், நாற்பத்தாறு, எண்பத்தொன்பது கிலோ.
பன்னிரண்டு வாரம், சாப்பாட்டோடு மூன்று மாத்திரை.
தேன் நிறம், உலுக்கினால் உள்ளே எண்ணெய் ஆடும்.
"சில டப்பாவில் லினோலிக் அமிலத்தில் ஒரு வகை,
சிலதில் வெறும் சூரியகாந்தி எண்ணெய்.
உங்களுடையது எதுவென்று உங்களுக்கும் தெரியாது,
எனக்கும் தெரியாது" என்றாள் ஆராய்ச்சி மாணவி தில்ஷாத்
இடுக்கியால் என் தொப்பையைக் கவ்வியபடி.
முப்பத்தொரு மில்லிமீட்டர்.
கட்டின நாளிலிருந்து வசந்தாமணிகூட இப்படிக் கிள்ளியதில்லை.

கொழுப்பைக் குறைக்கக் கொழுப்பா?
முள்ளை முள்ளால் எடுக்கிற கதை என்றான்
கண்டக்டர் பெலிக்ஸ்.
ஒரு நோட்டும் கொடுத்திருந்தார்கள், தின்பதையெல்லாம் எழுத.
எழுதினேன்.
இட்லி நாலு. சோறு. புளிக்குழம்பு. டீ, டீ, டீ.
பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி
ராத்திரி பத்து மணிக்குத் தின்ற தட்டுவடை செட்டை மட்டும்
எழுதவில்லை. அது தீனி, சாப்பாடு இல்லை.

எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்டேன்.
மாத்திரைக்கு வேறு எண்ணெயிலிருந்து மாற்றிச் செய்வார்களாம்.
ஆனால் தானாக உண்டாவது
புல் மேயும் மாட்டின் முதல் வயிற்றில்.
கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அங்கே
பச்சையை எண்ணெயாய்த் திருத்தி எழுதுகின்றன,
பிறகு பாலில் கொஞ்சம், நெய்யில் கொஞ்சம்.

அன்றைக்குப் பதினோராம் வளைவில் அது படுத்திருந்தது,
செம்மண் நிறம், ஒற்றைக் கொம்பு, பாதி ரோட்டை அடைத்து.
தினமும் ஆரன் அடித்துத் திட்டுகிற மாடுதான்.
தாடை இடமும் வலமும் போய்வந்தது.
தொழிற்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.
கை ஆரனுக்குப் போகவில்லை.

எட்டாம் வாரம் எலிகளைப் பற்றிச் சொன்னாள்.
இதே அமிலம் தின்ற சுண்டெலிகள்
கண்டபடி இளைத்துவிட்டனவாம்,
தோலுக்கடியில் பஞ்சுபோல இருந்ததெல்லாம் காலி.
அறுத்துப் பார்த்தால் ஈரல் வீங்கி,
கொழுப்பேறி, வெளிறி.
எனக்குப் புரிந்தது.
வாசலை மறிக்கிற கூட்டத்தை
"உள்ள தள்ளிப் போங்க, உள்ள தள்ளிப் போங்க" என்போமே,
வாசல் காலியாகும்,
வண்டியில் ஆள் குறைந்ததா என்ன?
"மனுசங்களுக்கு அப்படி நடக்கும்னு இல்லை,
அதுக்குத்தான் ரத்தம் எடுக்கிறோம்" என்று
ஊசியை உருவினாள்.

கடைசி வாரம்.
எண்பத்தெட்டு கிலோ இருநூறு கிராம்.
எண்ணூறு கிராம், ஒரு தக்காளிப் பை.
சர்க்கரை மட்டும் இருந்ததைவிட நாலு புள்ளி கூட.
தில்ஷாத் அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
நான் தட்டுவடையைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன்.
அடுத்த ஆள் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

எந்த டப்பா என்று தெரிய
உறை பிரிக்கணுமாம், ஐந்து மாசம் ஆகும்.
பெல்ட்டில் அதே ஓட்டை.
பதினோராம் வளைவில் மறுபடி நிற்கிறேன்,
இஞ்சின் உறுமுகிறது, டீசல் எரிகிறது,
பெலிக்ஸ் விசில் ஊதி ஊதி ஓய்ந்துவிட்டான்,
பின்சீட்டில் யாரோ வாந்தி எடுக்கிறார்கள்.
அது மென்றதை விழுங்குகிறது.
இன்னொரு கவளத்தைக் கழுத்துவழியே மேலே வரவழைக்கிறது.
பிறகு, தனக்குத் தோன்றியபோது,
பின்பக்கத்தை முதலில் தூக்கி
எழுந்திருக்கிறது.