சட்பரிக்குக் கல் இறக்கியது

டொரன்டோ விட்டு மூன்று மணி நேரம்.
பிறகு இரண்டு பக்கமும் கல்.
பிளந்த கல், கசியும் கல்,
ஒற்றைப் பைன் மரம் விடாப்பிடியாய் ஏறி நிற்கிற கல்.
உள்ளே லொறியில் போர்வை சுற்றி
நாங்கள் கொண்டு போனதும் கல்.

கொல்லன் தெருவில் ஊசி விற்கிறது என்பார்களே,
அதை லுசியனுக்குப் பிரெஞ்சில் சொல்ல
பாரி சவுண்டில் தொடங்கி
பிரெஞ்ச் நதிப் பாலத்தில் கைவிட்டேன்.

பத்திரத்தில் இருந்தது இவ்வளவுதான்:
கற்கள் மூன்று. இருக்கை. நுரை.
எடைக்கான கட்டத்தில்
யாரோ கேள்விக்குறி போட்டிருந்தார்கள்.

அறுபதுகளில் இத்தாலியில் சில இளசுகள்
கதிரையோடு கோபித்துக்கொண்டார்களாம்.
நாலு காலும் ஒரு முதுகும் போதும் போ,
இனி உதட்டில் இரு,
ஆளுயரப் புல்லுக்குள் விழுந்து கிட,
உடைந்த தூணின் தலையில் சாய்,
கள்ளியில் கோட்டைக் கொழுவு என்று
நுரையை வெட்டி நிறம் பூசினார்களாம்.
ஏலக்கூடத்துப் பெண் சொன்னாள்,
மற்றக் கையால் மெசேஜ் அடித்துக்கொண்டு.
பாதி நான் சேர்த்ததாயும் இருக்கலாம்.

வாங்கியவர் பெயர் தௌனோ ரௌஹாலா.
நிக்கல் சுரங்கத்தில் வெடி வைத்தவர்.
இடது காலில் மூன்று விரல் இல்லை.
முற்றத்தில், அவர் வைக்காத பாறை,
உலைப்புகை படிந்து கறுத்து
யானை படுத்த மாதிரி.

எதிர்வீட்டுப் பொடியன் சைக்கிளை நிறுத்தினான்.
லுசியனுக்குள் எப்போதும் ஒரு கூத்தாடி:
முழங்கால் மடங்க, கழுத்து நரம்பு புடைக்க,
மாதாவைக் கூப்பிட்டு முனகி
நடுவிலான கல்லைத் தூக்கினான்.
நான் மறுபக்கம் பிடித்துத் தள்ளாடினேன்.
படியில் வைத்து இருவரும் மூச்சு வாங்கினோம்.
அப்புறம் அதை
பந்து மாதிரி எனக்கு எறிந்தான்.

பொடியன் வாய் மூடவில்லை.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம்,
நாயைக் கண்டால் கல்லைக் காணோம்.
இங்கே இரண்டும் ஒரே அறையில்.
முஸ்தி என்ற கிழட்டு நாய்
பெரிய கல்லை மூன்று தரம் சுற்றியது,
மோந்தது, யோசித்தது,
காலைத் தூக்கியது.

"அசல்தான்," என்றார் தௌனோ,
துடைப்பான் எடுக்கப் போய்க்கொண்டே.

இருங்கோ என்று வாய் தவறித் தமிழில் சொல்லிவிட்டேன்.
எங்களுக்கு உட்காரவும் உயிரோடு கிடக்கவும்
ஒரே சொல்.
அவருக்கு எது விளங்கியதோ, இருந்தார்.
கல் மெல்ல உள்வாங்கியது.
சாம்பல் நிறப் பாறை அவரது இடுப்பளவுக்குக் குழிந்து
பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் விட்டது.

"முப்பத்தொரு வருசம்
தலைக்கு மேலே வைத்திருந்தேன்," என்றார்.
"ஒரு நாளாவது
இப்படி விட்டுக்கொடுத்ததா, சனியன்."

விரலில்லாத காலை
சின்னக் கல்லின் மேல் தூக்கிப் போட்டார்.
இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தார்.
கண்ணை மூடினாரா, யன்னல் வெளிச்சமா,
நாங்கள் கையொப்பத்துக்கு
பேனாவை நீட்டிக்கொண்டு நின்றோம்.

வெளியே வந்து, நாலு மணி இருட்டில்,
பத்திரம் மடிக்க வசதியாய்
முற்றத்துப் பாறையில் துள்ளி இருந்தேன்.

நடுமுதுகு வரை மின்னல்.
லுசியன் சிரித்துச் சிரித்து
லொறிக் கதவைப் பிடித்துக்கொண்டான்.
அங்கேயே சொல்லிவிட்டேன், தமிழில்,
பத்திரத்தில் எழுத முடியாத சிலதை.

தெருமுனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன்:
சைக்கிள் பனியில் கிடக்கிறது.
பொடியன் கையுறையைக் கழற்றிவிட்டு
ஒவ்வொரு கல்லாய்
பெருவிரலால் அமத்திப் பார்க்கிறான்.