பெயரில்லாத குழாய்

ஏழாம் தெருவில் ரயில் நிற்கிறது.
நூற்றுப்பதினெட்டுப் பெட்டி, அத்தனையும் சோளம்.
கேட்டுக்கு இந்தப் பக்கம் ஆம்புலன்ஸ்
விளக்கைச் சுழற்றியபடி சும்மா நிற்கிறது.

இதற்காகத்தான் பாலம்.
பாலத்துக்கு முன்னால் மண்.

போன வாரம் நெப்ராஸ்கா குளிரில்
மார்வா ஓஸ்ட்ரைக் பனிமேல் நிறம் தெளித்துப் போனாள்:
தண்ணீருக்கு நீலம், கேஸுக்கு மஞ்சள்,
மின்சாரத்துக்குச் சிவப்பு.

தண்டவாளத்திலிருந்து உத்திரத்தின் அடிவரை
இருபத்துமூன்று அடி நாலு அங்குலம்.
ரயில்வேக்காரர்கள் அரை அங்குலம் விட்டுத்தர மாட்டார்கள்.
கேஸ் கம்பெனி அடுத்த கோடை என்கிறது.
டெலிபோன் கம்பெனியிடமிருந்து பதிலே இல்லை.
மூன்றாம் தூணை நகர்த்துகிறேன்,
அழிக்கிறேன்,
நகர்த்துகிறேன்.

வியாழக்கிழமை, மண் உறிஞ்சும் லாரி
ஆறடிக் குழியில் ஒரு மரக்குழாயைக் காட்டியது.
இரும்பு வளையங்கள் இறுக்கியது,
எந்த வரைபடத்திலும் இல்லாதது.
எங்களுடையதல்ல என்றது நகராட்சி.
ரயில்வேயும் அதையே சொன்னது, வக்கீல் மூலம்.
மார்வா குப்புறப் படுத்துக் காதை வைத்தாள்.
"ஓடுது" என்றாள்.

எங்கிருந்து எங்கே, தெரியாது.
அடைத்தால் யார் வீட்டில் வறளும்,
அதுவும் தெரியாது.
அவள் பையில் அதற்கென்று ஒரு நிறம் இல்லை.

தூண் நாலடி கிழக்கே போனது.
உத்திரம் நீண்டது, செலவும்.
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
தண்ணீர். உரிமையாளர் விசாரணையில்.

இப்போதுதான் கடைசிப் பெட்டி நகர்ந்தது.
கேட் எழுந்தது.
ஆம்புலன்ஸ் தண்டவாளத்தைத் தாண்டவில்லை.
விளக்கை அணைத்துவிட்டு
வந்த வழியே திரும்பியது.