நாலாம் அறை வாடகை

மைனஸ் முப்பதையும் தாங்கும் என்று
சீட்டில் அச்சடித்திருந்தார்கள்.
திருநகர்ச் சித்திரையைத் தாங்குமா என்று
ஒரு வரி இல்லை.

கலப்பின பிளம், ஒட்டுக்கன்று, இரண்டு.
ஒன்று மட்டும் வைத்தால் காய்க்காது என்றான் விற்றவன்,
கல்யாணத் தரகன் குரலில்.

முதல் வருஷம் அவற்றுக்கு இலை உதிர்க்கவே தெரியவில்லை.
தையிலும் பச்சையாய் நின்றன,
தூக்கம் கெட்ட பிள்ளைகள் மாதிரி
வெறிக்க விழித்துக்கொண்டு.
மதுரையில் மார்கழி என்பது
விடிகாலை ஒன்றரை மணி நேரம்.
அதையும் டீக்கடை அடுப்பு தின்றுவிடும்.
மரத்துக்கோ
எழுநூறு மணி நேரம் நடுங்கியாக வேண்டுமாம்.

நடுக்கம், நான் வேலை பார்க்கிற இடத்தில் இருக்கிறது.
கப்பலூர் குளிர்கிடங்கு, கணக்குப் பிரிவு.

அடுத்த மார்கழி பிறந்ததும் இலைகளைக் கையால் உருவினேன்.
லோடு ஆட்டோவிலிருந்து தொட்டிகளை இறக்கிய சவேரியான்
"என்னக்கா, குச்சிக்கெல்லாம் ஏசியா?" என்றான்.

ஆப்பிள் அறையில் வைக்கக் கூடாது.
பழுக்கிற பழம் விடும் மூச்சு
மொட்டைக் கருக்கிவிடும்.
நாலாம் அறை, மிளகாய் வற்றல் மூட்டைகளுக்குப் பின்னால்,
ஐந்து டிகிரி, இருட்டு.
தினமும் மதியம் சால்வை போர்த்திக்கொண்டு போய்
மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன்.
தும்முவேன்.
குச்சிகள் தும்மவில்லை.

முப்பதாம் நாள் வெளியே எடுத்தோம்.
தை முடிவதற்குள் ஒன்று பூத்தது,
வெறுங்கட்டையில், இலைக்கு முந்தி,
சோறு கொட்டிய மாதிரி வெள்ளை.
மற்றது அசையவே இல்லை.
பதினோரு நாள்.

மகரந்தத்தைத் தட்டி
விபூதி டப்பாவில் சேர்த்து
ஃப்ரிட்ஜில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.
எந்தக் கோயில் என்று கேட்காமலே
நெற்றியில் கொஞ்சம் பூசிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார் வீட்டுக்காரர்.
மீதியை
கண்மைத் தூரிகையில் தொட்டுத் தொட்டு
தாமதக்காரிக்குக் கொண்டுபோனேன்.

மூன்று காய் நின்றது.
ஒன்று தானாக விழுந்தது. ஒன்று அணிலுக்கு.
வைகாசியில் மிஞ்சியதை
முதலாளி மைதீன் பிச்சையின் மேஜையில் வைத்தேன்.
சீட்டு கிழிக்கும் கத்தியால் நாலாக வெட்டினார்.
சவேரியான் ஒரு கண்ணைச் சுருக்கினான்:
"புளிப்புக்கா. லேசா காரமும் இருக்கு."
இருக்காது.
இருந்தாலும் நாக்கால் ஒரு தடவை தேடிப்பார்த்தேன்.

பில் புத்தகம் என் பக்கம் தள்ளப்பட்டது.
அறை: நாலு. உருப்படி: இரண்டு. நாள்: முப்பது.
சரக்கு என்ற கட்டத்தில் பேனா நின்றது.
முதலாளி கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:
"வத்தல்னு போடும்மா. அதுக்குத்தான் ரேட்டு கம்மி."

வற்றல் என்று எழுதினேன்.
வரும் மார்கழிக்கும் சேர்த்து
முன்பணம் கட்டினேன்.