இரண்டு நொடி

படிவத்தில்
பெயர் வசுமதி, ஊர் ஓசூர், வயது ஐம்பத்திரண்டு.
நீச்சல் தெரியுமா என்ற கட்டத்தில்
'கிணற்றில்' என்று எழுதியிருந்தார்.

முதலில் மணலில்தான் நீந்தணும் என்றேன்.
பலகைமேல் குப்புறப் படுத்துக்
கோவளத்து மணலைக் கையால் தள்ளினார்.
வலை பிரித்துக்கொண்டிருந்த என் மாமன்
பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார்.

தெண்டி ஓடுதுக்கா,
இறங்குன இடத்துல ஏற முடியாது.
தலையாட்டினார். புரிந்த மாதிரி இல்லை.

பதினோரு முறை விழுந்தார்.
பதினோரு முறையும் மூக்கைச் சிந்திவிட்டு
வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்போல்
'அடுத்து' என்றார்.

பன்னிரண்டாவது அலை சின்னது, சோம்பேறி;
அதுதான் தூக்கி நிறுத்தியது.
ஒன்று.
இரண்டு.

படமெடுக்க வந்த கணவர்
அந்நேரம் பார்த்து
சுண்டலுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தார்.
இன்னொரு தடவை நில்லேன் என்றதற்கு
வேண்டாம் என்று தலையைச் சாய்த்து
காதிலிருந்த கடலைக் கொட்டினார் வசுமதி.

சாயங்காலம் பைக்கில் போகும்போது பார்த்தேன்:
ஈசிஆர் பேருந்து நிறுத்தத்தில்
வண்டி வருகிறதா என்று கணவர் தெற்கே பார்க்க,
அவர் முதுகுக்குப் பின்னால்
முழங்கால் மடக்கி, கை விரித்து,
நடைபாதை ஓரக் கல்லின்மேல்
அந்த அம்மாள்.